பசுமை வேதியியல்: ரசாயனம் தயாரிப்பதில் ஒரு வரவு-செலவுக் கணக்கு



'ஆர்கானிக்' என்ற சொல்லுக்கு நம்மிடம் ஒரு அர்த்தம் உண்டு. ரசாயன உரம் போடாமல், பூச்சிக்கொல்லி அடிக்காமல் விளைந்தது ஆர்கானிக். ஆனால் கெமிஸ்ட்ரி படித்தவர்களிடம் போய் இதே சொல்லைச் சொன்னால் அவர்கள் மனதில் தோன்றுவது வேறு. கார்பன் என்கிற கரியை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்கள் எல்லாமே அவர்களுக்கு ஆர்கானிக்தான். வெல்லத்தில் உள்ள சர்க்கரையும் ஆர்கானிக், வேப்பெண்ணெயும் ஆர்கானிக், மோனோகுரோட்டோபாஸும் ஆர்கானிக்! தமிழில் இதைக் கரிம வேதியியல் என்கிறோம். அப்படிச் சொன்னால் இந்தக் குழப்பம் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன். பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வங்கி வேலை. இப்போது மஞ்சளும் நிலக்கடலையும் வைத்திருக்கும் இயற்கை விவசாயி. அதனால்தானோ என்னவோ, நம்ம கூட்டங்களில் இளைஞர்கள் ஒரு கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். "ஐயா, கம்பெனிக்காரங்க கிரீன் கெமிஸ்ட்ரின்னு சொல்றாங்களே, அது நிஜமா, வெறும் விளம்பரமா?"

நிஜமும் உண்டு, விளம்பரமும் உண்டு. எது எதுவென்று பிரித்துப் பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. வரவு-செலவுக் கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

யூரியாவில் தொடங்கிய கதை

உயிருள்ளவை மட்டுமே கரிமப் பொருள்களை உண்டாக்க முடியும் என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் பலர் நம்பினார்கள். 1828-ல் ஜெர்மானிய வேதியியலாளர் பிரெடரிக் வோலர், அம்மோனியம் சயனேட் என்ற உப்பைச் சூடாக்கி ஒரு வெள்ளைப் படிகத்தைப் பெற்றார். சோதித்துப் பார்த்தால், அது சிறுநீரில் இருக்கும் யூரியா. சிறுநீரகத்தின் உதவியே இல்லாமல் கண்ணாடிக் குடுவையில் யூரியா வந்துவிட்டது. ஆய்வகத்தில் கரிமப் பொருள்களைத் தயாரிக்கும் துறையின் தொடக்கமாக இந்தச் சோதனையைத்தான் புத்தகங்கள் சொல்கின்றன. நம்ம வயல்களில் மூட்டை மூட்டையாகக் கொட்டப்படும் அதே யூரியாதான்.

இப்படி ஒரு பொருளோடு இன்னொன்றை வினைபுரியச் செய்து புதிய பொருளைக் கட்டுவதைத் தொகுப்பு என்பார்கள். மருந்து, சாயம், பிளாஸ்டிக், வாசனைப் பொருள், பூச்சிக்கொல்லி எல்லாம் இந்த வழியில் வந்தவை. சுமார் 150 ஆண்டுகள் இந்தத் துறை கேட்ட முக்கியமான கேள்வி ஒன்றுதான்: கடைசியில் எவ்வளவு சரக்கு கையில் கிடைத்தது? கூடவே எவ்வளவு கழிவு வந்தது, அது எங்கே போனது என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை.

வங்கியில் தொழில் கடனுக்கு வரும் திட்ட அறிக்கைகளிலும் இதையே பார்த்திருக்கிறேன். மூலப்பொருள் விலை, உற்பத்தி அளவு, விற்பனை விலை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். கழிவுக்கு ஒரே ஒரு வரி: 'விதிகளின்படி அகற்றப்படும்.'

அணுக்களுக்கு ஒரு பேரேடு

1991-ல் அமெரிக்க வேதியியலாளர் பேரி டிராஸ்ட் இந்தக் கணக்கை மாற்றினார். அவர் சொன்னது எளிய விஷயம். வினையில் நீங்கள் போட்ட அணுக்களில் எத்தனை பங்கு கடைசிப் பொருளுக்குள் வந்து சேர்ந்தது என்று பாருங்கள். இதற்கு 'அணுச் சிக்கனம்' என்று பெயர். நூறு கிலோ மூலப்பொருளில் எழுபது கிலோ பொருளாக மாறினால் அணுச் சிக்கனம் 70 சதவீதம். மீதி முப்பது கிலோ வேறு ஏதோ ஒன்றாக வெளியே வந்தே தீரும். அணுக்கள் மாயமாகிவிடாது. பேரேட்டில் பற்றும் வரவும் பைசா பிசகாமல் சமமாக வர வேண்டும் என்பது போலத்தான் இதுவும்.

இந்தக் கணக்கில் வோலரின் யூரியா முழு மதிப்பெண் வாங்குகிறது. அம்மோனியம் சயனேட்டில் உள்ள அதே அணுக்கள் இடம் மாறி உட்கார்ந்தால் யூரியா. மிச்சம் எதுவும் இல்லை, 100 சதவீதம்.

1998-ல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற இருவர் பசுமை வேதியியலுக்கு 12 விதிகளை எழுதினார்கள். உலகம் முழுக்க இன்று அதையே பாடமாக வைக்கிறார்கள். பன்னிரண்டையும் இங்கே சொல்லவில்லை. நமக்கு வேண்டியவை இவை:

கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட, கழிவே வராமல் செய்வது மேல்.
போட்ட அணுக்கள் முடிந்தவரை பொருளுக்குள்ளேயே வர வேண்டும்.
தயாரிப்பின் நடுவில் பயன்படும் பொருள்களும் நஞ்சாக இருக்கக் கூடாது.
கடைசிப் பொருளும் தன் வேலையைச் செய்ய வேண்டும், ஆனால் நச்சுத்தன்மை குறைவாக இருக்க வேண்டும்.
வேலை முடிந்ததும் அந்தப் பொருள் தீங்கில்லாமல் சிதைந்து போக வேண்டும்.
விபத்து நடந்தாலும் சேதம் குறைவாக இருக்கும் பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் விதியை நம்ம கொங்குப் பகுதிக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டியது. அது சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், கழிவு நீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. அந்த முறையில் தண்ணீர் திரும்பக் கிடைக்கிறது, நல்லதுதான். ஆனால் பிரித்தெடுத்த உப்பும் சேறும் இன்னும் குவியலாகக் கிடக்கின்றன. குழாயின் கடைசியில் நின்று சுத்தம் செய்தால் கழிவு இடம் மாறுகிறது, இல்லாமல் போவதில்லை. அதனால்தான் கழிவே வராதபடி தொடக்கத்திலேயே வழியை மாற்றச் சொல்கிறது முதல் விதி.

வலி மாத்திரைக்கு இரண்டு வழி

வழியை மாற்றுவது என்றால் என்ன? ஒரு உதாரணம் பார்ப்போம். ஐபுபுரூஃபன் மாத்திரை எல்லோருக்கும் தெரியும். மூட்டு வலி, முதுகு வலி, காய்ச்சலுக்குப் போடுவது. இங்கிலாந்தின் பூட்ஸ் கம்பெனி 1960-களில் இதைக் கண்டுபிடித்தது. அவர்களுடைய பழைய தயாரிப்பு முறையில் ஆறு படிகள். ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒன்றைச் சேர்ப்பதும், பிறகு அதில் ஒரு பகுதியை வெட்டி எறிவதும் நடக்கும். மூலக்கூறு எடைப்படி கணக்குப் போட்டால், 514 பங்கு உள்ளே போய் 206 பங்கு மருந்தாக வெளியே வருகிறது. அணுச் சிக்கனம் 40 சதவீதம். அதாவது ஒரு கிலோ மருந்துக்கு ஒன்றரைக் கிலோ கழிவு. வினை முழுமையாக நடந்தால் காகிதத்தில் வரும் கணக்கு இது. நடைமுறையில் இன்னும் கூடும்.

பிறகு பூட்ஸும் ஹோக்ஸ்ட் செலனீஸ் கம்பெனியும் சேர்ந்து புது வழி கண்டுபிடித்தார்கள். 1992-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அந்த ஆலை ஓடத் தொடங்கியது. தொடங்கும் பொருள் அதேதான், கிடைக்கும் மருந்தும் அதேதான். ஆனால் ஆறு படிக்குப் பதில் மூன்றே படி. 266 பங்கு உள்ளே, 206 பங்கு மருந்து. அணுச் சிக்கனம் 77 சதவீதம். மீதி 60 பங்கும் அசிட்டிக் அமிலமாக வருகிறது. நம்ம வீட்டு வினிகரில் இருக்கிற அமிலம்தான். அதையும் பிடித்து மறுபடி பயன்படுத்திக்கொண்டால் கணக்கு 99 சதவீதம் வரை போகிறது.

இது எப்படி முடிந்தது? வினையூக்கியை வைத்துத்தான். பழைய முறையில் அலுமினியம் குளோரைடை நிறையப் போட வேண்டும், வேலை முடிந்ததும் அது அலுமினியக் கழிவாக நிற்கும். புது முறையில் பயன்படும் வினையூக்கிகளைப் பிரித்தெடுத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வினையூக்கி என்பது கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு வீட்டையும் சேர்த்து வைப்பார், தான் அந்தக் குடும்பத்துக்குள் போய் உட்கார மாட்டார். அடுத்த வரனைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த வினையூக்கிகளில் ஒன்று ஹைட்ரஜன் புளோரைடு. தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பையும் பாதிக்கும் பொருள். ஆலைக்குள் மூடிய சுற்றில் அதை வைத்திருக்கிறார்கள். கழிவுக் கணக்கில் இந்த வழி பெரிய முன்னேற்றம், ஆபத்துக் கணக்கில் அந்த அளவுக்கு இல்லை. பசுமை என்றால் எல்லாக் கட்டத்திலும் பசுமை என்று பொருள் கிடையாது.

கரைப்பான் என்கிற பெரிய செலவு

அணுச் சிக்கனம் காகிதக் கணக்கு. உண்மையில் ஆலையிலிருந்து எவ்வளவு கழிவு வருகிறது? 1992-ல் ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் அதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்பதே அவருடைய அளவுகோல். பெட்ரோல் சுத்திகரிப்பில் நூறு கிராமுக்கும் கீழ். டன் கணக்கில் தயாராகும் சாதாரண ரசாயனங்களில் ஒரு கிலோவுக்குக் கீழிருந்து ஐந்து கிலோ வரை. நுண் ரசாயனங்களில் 5 முதல் 50 கிலோ. மருந்துத் தொழிலில் 25 முதல் 100 கிலோ, சில சமயம் அதற்கும் மேல்!

ஆச்சரியமாக இருக்கிறது இல்லையா? புகையும் நாற்றமுமாகத் தெரியும் பெட்ரோல் ஆலையைவிட, கண்ணாடி மாதிரி சுத்தமாகத் தெரியும் மருந்து ஆலையில் கிலோவுக்குக் கழிவு அதிகம். காரணம், மருந்துக்குப் படிகள் அதிகம். ஒவ்வொரு படியிலும் கரைக்க, கழுவ, பிரிக்க, படிகமாக்க என்று கரைப்பான் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டைகுளோரோமீத்தேன், ஹெக்சேன், டொலுயீன் போன்றவை. மருந்து ஆலைக் கழிவில் பெரும்பகுதி இந்தக் கரைப்பான்கள்தான்.

அதனால் கரைப்பானை மாற்றுவது பசுமை வேதியியலின் பெரிய வேலை. முடிந்த இடத்தில் தண்ணீரிலேயே வினையை நடத்துகிறார்கள். சில வினைகளில் கரைப்பானே இல்லாமல் இரண்டு பொடிகளைச் சேர்த்து அரைத்தே முடித்துவிடுகிறார்கள். கரியமில வாயுவையும் பயன்படுத்தலாம். 31 டிகிரிக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேல் அழுத்தம் கொடுத்தால், அது வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு நிலைக்கு வந்து கரைப்பான் மாதிரி வேலை செய்யும். அழுத்தத்தைத் திறந்துவிட்டால் காற்றாகப் போய்விடும், பொருளில் எச்சம் தங்காது. காபிக் கொட்டையிலிருந்து காஃபின் எடுப்பதற்கும் மசாலாப் பொருள்களின் சாரம் எடுப்பதற்கும் இந்த முறை இருக்கிறது. மஞ்சள் போடும் நம்ம ஆட்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நம்ம மஞ்சளின் சாரத்தை எந்தக் கரைப்பான் வைத்து எடுக்கிறீர்கள் என்று வாங்குபவரிடம் கேட்கலாம்.

போபால்: மூலப்பொருளும் ஒன்று, கணக்கும் ஒன்று

இதுவரை கழிவுக் கணக்கைப் பார்த்தோம். அது மட்டும் போதாது என்பதற்கு நம்ம நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

செவின் பவுடரை மூத்த விவசாயிகளுக்கு ஞாபகம் இருக்கும். அதன் ரசாயனப் பெயர் கார்பரில். போபால் யூனியன் கார்பைடு ஆலையில் தயாரானது அதுதான். அதற்கு மூன்று மூலப்பொருள் வேண்டும்: மீத்தைல் அமீன், பாஸ்ஜீன், நாப்தால்.

போபால் வழி இது. முதலில் மீத்தைல் அமீனையும் பாஸ்ஜீனையும் சேர்த்தால் மீத்தைல் ஐசோசயனேட் கிடைக்கும். சுருக்கமாக 'மிக்' என்பார்கள். பிறகு மிக்கை நாப்தாலோடு சேர்த்தால் கார்பரில்.

இன்னொரு வழியும் உண்டு. முதலில் நாப்தாலையும் பாஸ்ஜீனையும் சேர்ப்பது, பிறகு அதில் மீத்தைல் அமீனைச் சேர்ப்பது. கிடைப்பது அதே கார்பரில். இந்த வழியில் மிக் என்ற பொருளே நடுவில் வராது. இது போபாலுக்குப் பிறகு யாரோ கண்டுபிடித்ததும் இல்லை. முன்பே தொழிலில் இருந்த வழிதான்.

இப்போது அணுக்கணக்கைப் போடுங்கள். இரண்டு வழியிலும் 274 பங்கு உள்ளே போகிறது, 201 பங்கு கார்பரில், 73 பங்கு ஹைட்ரஜன் குளோரைடு. அணுச் சிக்கனம் இரண்டிலும் 73 சதவீதம். வித்தியாசமே இல்லை. மிக் வழியின் கடைசிப் படியைத் தனியாக எடுத்தால் 100 சதவீதம், கழிவே இல்லாத வினை. பேரேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு அது அழகான வினையாகத்தான் தெரியும்.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, மிக் சேமித்து வைத்திருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. தொட்டி கொதித்தது. சுமார் 40 டன் அளவுக்கு நச்சு வாயு வெளியேறி, தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் போனது. அரசாங்கக் கணக்கிலேயே ஆயிரக்கணக்கான சாவு. உயிர் பிழைத்தவர்களில் பல பேருக்குக் கண்ணும் நுரையீரலும் போயின.

நடுவில் வரும் ஒரு பொருளை டன் கணக்கில் சேமித்து வைத்ததுதான் இதன் வேர். அந்தப் பொருள் வாடிக்கையாளர் யாருக்கும் வேண்டியதில்லை. இல்லாத பொருள் கசிய முடியாது என்ற இந்த நியாயத்தைப் போபாலுக்குச் சில ஆண்டுகள் முன்பே டிரெவர் கிளெட்ஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் எடுத்துச் சொல்லியிருந்தார். விபத்துக்குப் பிறகு டூபாண்ட் கம்பெனி, மிக்கைத் தேவையான அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கி உடனுக்குடன் செலவழிக்கும் முறைக்கு மாறியது. சேமிப்புத் தொட்டிக்கே வேலை இல்லை.

வங்கியில் இதற்கு ஒரு இணை உண்டு. லாப நட்டக் கணக்கில் பிரமாதமாகத் தெரியும் நிறுவனம், யாருக்கோ கொடுத்த ஜாமீன் ஒன்றினால் ஒரே நாளில் கவிழும். அந்த ஜாமீன் ஐந்தொகையில் கடனாக வராது, கீழே குறிப்பாக இருக்கும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மிக் இல்லாத வழியும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. அதிலும் பாஸ்ஜீன் இருக்கிறது. முதல் உலகப் போரில் விஷவாயுவாக வீசியது அது. சில பிளாஸ்டிக்குகளின் தயாரிப்பில் பாஸ்ஜீனுக்குப் பதிலாக டைமீத்தைல் கார்பனேட் என்ற ஆபத்து குறைந்த பொருளைக் கொண்டு வந்திருக்கிறார்கள். கார்பரிலைப் பொறுத்தவரை, 2018-ல் இந்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது.

விதைத் தேர்வு போல நொதித் தேர்வு

காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்ற உர ஆலைக்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூறு மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். உளுந்துச் செடியின் வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் அதே வேலையை மண்ணின் சூட்டிலேயே செய்கிறது. அதனிடம் இருப்பது நொதி, அதாவது என்சைம். உயிர் உண்டாக்கும் வினையூக்கி.

இந்த நொதிகளை ஆலைக்குள் கொண்டு வந்ததுதான் கடந்த முப்பது வருடத்தில் பெரிய மாற்றம். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் சிடாகிளிப்டின் மாத்திரை நம்மில் பல பேர் வீட்டில் இருக்கும். இந்த மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவம் உண்டு. செருப்பு மாதிரி, ஒரு காலுக்கு உரியது மறு காலுக்குச் சேராது. ஒரு வடிவம்தான் மருந்து. முந்தைய முறையில் ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தை வினையூக்கியாக வைத்து, அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தினார்கள். அதன் பிறகு ரோடியத்தை நீக்க ஒரு வேலை, தவறான வடிவத்தைப் பிரிக்க ஒரு வேலை.

மெர்க் கம்பெனியும் கோடெக்சிஸ் கம்பெனியும் ஒரு பாக்டீரியாவின் நொதியை எடுத்தன. தொடக்கத்தில் அந்த நொதிக்கு இந்த வேலை செய்யவே தெரியாது. அதில் சிறு சிறு மாற்றங்கள் செய்து, நன்றாக வேலை செய்வதை மட்டும் தேர்ந்தெடுத்து, அதில் மறுபடி மாற்றம் செய்து, மறுபடி தேர்ந்தெடுத்து, இப்படி 11 சுற்று. நல்ல கதிரை மட்டும் விதைக்கு எடுத்து வைத்து வருடா வருடம் ரகத்தைத் தேற்றும் நம்ம பாட்டன் வேலைதான் இது, ஆய்வகத்தில் வேகமாக. கடைசியில் கிடைத்த நொதி சரியான வடிவத்தை மட்டுமே உண்டாக்கியது. சாதாரண அழுத்தம், வெதுவெதுப்பான சூடு போதும். ரோடியம் தேவையில்லை. மொத்தக் கழிவு 19 சதவீதம் குறைந்தது. 2010-ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருது இதற்குக் கிடைத்தது. நொதிகளை இப்படித் தேற்றும் முறையை வகுத்த பிரான்சிஸ் அர்னால்டு என்ற அம்மையாருக்கு 2018-ல் நோபல் பரிசில் பாதிப் பங்கு கிடைத்தது.

நொதியில் மாற்றம் என்றால் அதை உண்டாக்கும் நுண்ணுயிரின் மரபணுவில் மாற்றம் என்று அர்த்தம். மரபணு மாற்றம் என்றதும் நமக்குக் காது நிமிரும், நிமிரவும் வேண்டும். மூடிய தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிரும், திறந்த வயலில் மகரந்தம் பரப்பும் பயிரும் ஒன்றல்ல என்பது என் கருத்து. ஆனாலும் தொட்டி மூடியிருக்கிறதா, மிச்சம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

விருது வாங்கிய களைக்கொல்லி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அதே அமெரிக்க விருது 1996-ல்தான் தொடங்கியது. முதல் வருடமே தயாரிப்பு முறைக்கான விருதை வாங்கியது யார் தெரியுமா? மான்சாண்டோ கம்பெனி. எதற்கு? ரவுண்டப், அதாவது கிளைபோசேட் களைக்கொல்லிக்கு வேண்டிய ஒரு இடைப்பொருளைத் தயாரிக்கும் முறைக்கு.

விருது பொய்யில்லை. பழைய முறையில் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய விஷத்தையும் பார்மால்டிஹைடையும் பயன்படுத்தினார்கள். ஏழு கிலோ பொருளுக்கு ஒரு கிலோ வரை, சயனைடு கலந்த கழிவு வந்தது. புது முறையில் செப்பு வினையூக்கியை வைத்து இரண்டையும் தவிர்த்துவிட்டார்கள. ஆலைத் தொழிலாளிக்கும் ஆலையைச் சுற்றி இருப்பவர்களுக்கும் அது உண்மையான நன்மை.

ஆனால் அந்த நல்ல வழியில் தயாராகி வெளியே வந்தது கிளைபோசேட். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஒப்புக்கொள்ளவில்லை, வாதம் இன்னும் நடக்கிறது. இந்திய அரசு 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது. தயாரித்த வழிக்குக் கொடுத்த விருதைக் காட்டி, பொருளுக்கு நல்ல பெயர் வாங்க முடியாது. 12 விதிகளில் பொருளின் நச்சுத்தன்மையும் அது சிதைந்து போவதும் இருக்கின்றன என்று மேலே பார்த்தோம். விருது பாராட்டியது தயாரிப்பு முறையை மட்டும்தான்.

நேர்மாறான உதாரணமும் அதே விருதுப் பட்டியலில் இருக்கிறது. 1999-ல் ஸ்பினோசாட் பூச்சிக்கொல்லிக்கு விருது கிடைத்தது. கரீபியன் தீவு ஒன்றில் கைவிடப்பட்ட சாராய ஆலை மண்ணிலிருந்து 1982-ல் எடுத்த நுண்ணுயிரை நொதிக்க வைத்துப் பெறுவது அது. அமெரிக்கா போன்ற நாடுகளில் இயற்கை வேளாண்மைக்கும் அனுமதி உண்டு. வெயிலில் சிதைந்துவிடும், பாலூட்டிகளுக்கு நச்சு குறைவு. ஆனால் ஈரம் காயும் முன் தேனீ அதில் உட்கார்ந்தால் தேனீ செத்துப்போகும். நுண்ணுயிரிலிருந்து வந்தது என்பதற்காகப் பூ நேரத்தில் அடித்துவிட முடியாது.

மூன்று கேள்வி

ஆகவே, 'கிரீன்', 'ஈகோ', 'பயோ' என்று எழுதிய எந்தப் புட்டியைப் பார்த்தாலும் மூன்று கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஒன்று: எப்படித் தயாரித்தது? எத்தனை கழிவு, நடுவில் என்ன விஷம், எங்கே சேமிப்பு?

இரண்டு: பொருளின் குணம் என்ன? தொட்டவருக்கு, தெளித்தவருக்கு, தேனீக்கு, மண்புழுவுக்கு என்ன செய்யும்?

மூன்று: கடைசியில் எங்கே போகிறது? எத்தனை நாளில், என்னவாகச் சிதைகிறது?

ஒரு கேள்விக்கு வந்த நல்ல பதிலை மற்ற இரண்டுக்கும் பதிலாக எழுதிக்கொள்ளக் கூடாது. யூரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஆலையில் அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்து யூரியா வருகிறது, உபபொருள் வெறும் தண்ணீர். 78 பங்குக்கு 60 பங்கு, அணுச் சிக்கனம் 77 சதவீதம். புது ஐபுபுரூஃபனுக்குச் சமமான மதிப்பெண். ஆனால் 45 கிலோ மூட்டையில் வயலுக்குப் போகும் சுமார் 20.7 கிலோ தழைச்சத்தில் பெரும் பங்கு பயிருக்குப் போய்ச் சேருவதில்லை. கொஞ்சம் அம்மோனியாவாகக் காற்றில், கொஞ்சம் நைட்ரேட்டாகக் கிணற்றில், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக வானத்தில். அந்த நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைப் போல சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். முதல் கேள்வியில் பாஸ், மூன்றாவது கேள்வியில் பெயில்.

இன்னொரு எச்சரிக்கை. பூச்சிமருந்துப் புட்டிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறத்தில் முக்கோணக் குறி இருக்கும். பச்சை என்றால் இயற்கை வேளாண்மைக்கு ஏற்றது என்று சில கடைக்காரர்கள் சொல்லி விற்கிறார்கள். அது தவறு. அந்த நிறம், ஒரே தடவையில் உடலுக்குள் போனால் எவ்வளவு அளவு உயிரைப் பறிக்கும் என்பதை மட்டுமே காட்டுகிறது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதைப் பற்றியோ, தேனீயைப் பற்றியோ, மண்ணைப் பற்றியோ அந்த முக்கோணம் ஒன்றும் சொல்வதில்லை.

நமக்கும் வேதியியலுக்கும் பகை இல்லை. மாட்டுச் சாணத்தையும் வெல்லத்தையும் சேர்த்து ஜீவாமிர்தம் கலக்குவதும், மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து மீன் அமிலம் எடுப்பதும் கரிம வேதியியல்தான். தண்ணீரே கரைப்பான், நுண்ணுயிரின் நொதியே வினையூக்கி, சூடு ஏற்ற வேண்டாம், மிச்சமான சக்கையும் மண்ணுக்கே போகிறது. அந்த 12 விதிகளைப் படித்தபோது, இதில் பாதியை நம்ம ஆட்கள் தொட்டியடியிலேயே செய்துகொண்டிருக்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது.

மருந்தும் சாயமும் நமக்கு வேண்டும், ஆலைகளும் இருக்கத்தான் போகின்றன. உங்கள் பகுதியில் ரசாயன ஆலை ஏதாவது வருவதாக இருந்து மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், "சுத்திகரிப்பு நிலையம் வைப்பீர்களா?" என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு, இதே பொருளுக்கு வேறு வழி இருக்கிறதா, இடைப்பொருள் எதை எத்தனை டன் சேமித்து வைப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, அதன் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.